விபத்துச் செய்தியும் ஊர்ப் பேச்சும்

ஓரிடத்தில் பெரிய விபத்து ஒன்று நேர்ந்துவிட்டதென வைத்துக்கொள்வோம். மருத்துவரும் காவலரும் அங்கு வந்து சேருமுன்னரே பேச்சு வந்து சேர்ந்துவிடுகிறது. 'நூறு பேராம்' என்கிறார் ஒருவர். 'இருநூறுக்குக் குறையாது' என்கிறார் மற்றொருவர். 'இன்னாரால்தான் இது நேர்ந்தது' என்று மூன்றாமவர் தீர்ப்பே சொல்லிவிடுகிறார். சற்று நேரம் கழித்துப் பத்திரிகை நிருபர் வருகிறார். விபத்து நேர்ந்த கணத்தை அவர் கண்டவரல்லர். ஆகவே, அங்கு நிற்போரைக் கேட்டே அவர் எழுதியாக வேண்டும். அவர் எதை எடுத்துக்கொள்கிறார், எதை விடுகிறார் என்பதைப் பொறுத்தே மறுநாள் நாடு அவ்விபத்தை அறிகிறது. பல வேளைகளில், ஐம்பதாண்டு கழித்து வரலாறும் அவ்வாறே அறிகிறது.

செய்தி எழுதுவோர் ஊர்ப் பேச்சை எவ்வாறு கையாண்டு வந்துள்ளனர், அதனால் விளைந்த நன்மை தீமைகள் யாவை என்பதையே இன்று உங்கள் முன் சொல்லக் கருதுகிறேன். திண்டுக்கல்லுக்கும் கரூருக்கும் இடையே குஜிலியம்பாறையில் வாழ்பவன் நான். சந்தையிலும் தேநீர்க் கடையிலும் உலக வழக்குகள் அனைத்தும் ஒரு குவளை தேநீர் ஆறுவதற்குள் தீர்ப்பாகிவிடும் ஊர்களில் எங்களூரும் ஒன்று. ஆதலால் ஊர்ப் பேச்சின் வலிமையை நான் இகழ மாட்டேன். அதன் எல்லை எதுவென்று ஆராயவே விரும்புகிறேன்.

இவ்வாராய்ச்சிக்கு நம் முன்னோர் ஒரு கருவியைத் தந்துள்ளனர். ஒரு பொருளை நாம் எவ்வழியாக அறிகிறோம் என்பதை அவர்கள் 'அளவை' என்றனர். நேரே கண்டறிவது காண்டல். கண்டதைக் கொண்டு காணாததை உய்த்தறிவது கருதல். நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது உரை. மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி நகரில் மணிமேகலை கேட்ட வைதிக அளவைவாதி பத்து அளவைகளை எண்ணிச் சொல்கிறான். அவற்றுள் 'ஐதிகம்' என்பதும் ஒன்று. இந்த மரத்தில் பேய் உண்டு என்று உலகத்தார் சொல்வதால் அதனை உண்மையெனக் கொள்வது ஐதிகம் என அங்கே விளக்கப்படுகிறது. ஆனால் அதே காப்பியத்தில், பின்னர்க் காஞ்சியில் அறவண அடிகள் பௌத்த அளவை நூலை உரைக்கும்போது, காண்டலும் கருதலும் ஆகிய இரண்டு மட்டுமே அளவைகளாக நிற்கின்றன. ஊரார் சொல் என்ற ஒன்றையே கொண்டு எதையும் நிறுவ முடியாது என்பது அம்முடிவு. விபத்துச் செய்திகளின் வரலாறும் இந்த வழியாகவே நடந்து வந்திருக்கிறது.

நம் நாட்டில் விபத்துச் செய்தி பொதுமக்களிடம் பரவிய பழைய வழி ஒன்று உண்டு. சென்னையில் குஜிலிக் கடைத்தெரு என்று ஓரிடம் புகழ் பெற்றிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் அங்கே மலிவான தாளில் அச்சிட்ட சிறு பாட்டுப் புத்தகங்கள் விற்பனையாயின. காலணா, அரையணா விலை. எங்களூர்ப் பெயரிலும் குஜிலி என்ற சொல் ஒலிக்கிறது. எனினும் ஒலி ஒற்றுமை ஒன்றையே கொண்டு உறவு கற்பிப்பது வரலாறாகாது. நிற்க.

புயல், வெள்ளம், தீ, கொலை, ரயில் விபத்து எது நேர்ந்தாலும் அதனைப் பற்றிச் சிந்தும் கும்மியும் விரைவில் வெளிவந்தன. சந்தையிலும் தெரு முனையிலும் ரயில் வண்டியிலும் அவற்றைப் பாடியே விற்றனர். 1914 ஆம் ஆண்டு செப்டம்பர் 22 அன்று எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னையைக் குண்டு வீசித் தாக்கிய செய்தியும் இவ்வாறு பாட்டாகப் பரவியது. நாளிதழ் வாங்க வசதியில்லாதவர்க்கும், எழுத்தறியாதவர்க்கும் அப்பாட்டே பத்திரிகை. இந்த முச்சந்தி இலக்கியத்தை ஆய்ந்து நூல் எழுதிய ஆ. இரா. வேங்கடாசலபதி போன்ற வரலாற்றறிஞரால் அதன் பெருமை இன்று விளங்கியிருக்கிறது.

அப்பாட்டுகளை இயற்றியோர் எங்கிருந்து செய்தி பெற்றனர்? நாளிதழிலிருந்து கொஞ்சம், ஊர்ப் பேச்சிலிருந்து மிகுதி. எதுகைக்காக எண் மாறியதும் உண்டு. இரக்கத்தை மிகுவிக்க நிகழ்ச்சி மாறியதும் உண்டு. எனினும் அவற்றைப் பொய் என்று ஒதுக்கிவிடல் தகாது. அரசாங்க அறிக்கையில் இறந்தோர் எண்ணிக்கை மட்டும் இருக்கும். பாட்டிலோ மக்கள் எதனைக் கண்டு அஞ்சினர், யாரைக் குறை கூறினர், எவ்வாறு அழுதனர் என்பது இருக்கும். மக்களின் மனநிலைக்கு அது நல்ல சான்று; விபத்தின் காரணத்திற்கு அது சான்றாகாது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இனி வருவனவெல்லாம் இதன் விரிவே.

தந்தியும் கம்பியில்லாத் தந்தியும் வந்தபின் ஊர்ப் பேச்சு மறைந்துவிடும் என்று உலகம் எதிர்பார்த்தது. நடந்தது வேறு. 1912 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆம் நாள் இரவு டைட்டானிக் என்னும் பெருங்கப்பல் அட்லாண்டிக் கடலில் பனிப்பாறையில் மோதி, மறுநாள் விடியுமுன் மூழ்கியது. ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆனால் 15 ஆம் தேதி மாலை நியூயார்க் நகரத்துப் பத்திரிகை ஒன்று, பயணிகள் அனைவரும் காப்பாற்றப்பட்டனர் என்று பெரிய எழுத்தில் அறிவித்தது. கப்பலை ஹாலிபாக்ஸ் துறைமுகத்திற்கு இழுத்து வருகிறார்கள் என்ற செய்தியும் பரவியது. கரையில் காத்திருந்த குடும்பங்கள் மகிழ்ந்தன. அம்மகிழ்ச்சி ஓரிரவுகூட நிலைக்கவில்லை.

இந்தப் பிழை எவ்வாறு நேர்ந்தது? அக்காலத்தில் அமெரிக்கக் கரையோரம் எங்கும் பொழுதுபோக்காகக் கம்பியில்லாத் தந்திக் கருவி வைத்திருந்தவர் மிகப் பலர். யார் வேண்டுமாயினும் கேட்கலாம். யார் வேண்டுமாயினும் பேசலாம். டைட்டானிக் பயணிகள் நலமா என்று ஒருவர் கேட்ட கேள்வியும், வேறொரு கப்பலை ஹாலிபாக்ஸுக்கு இழுத்துச் செல்வதாக வந்த செய்தியும் வானில் கலந்து ஒன்றாகிவிட்டன எனப் பின்னர் விளக்கம் கூறப்பட்டது. கேள்வி விடையாக மாறிவிட்டது! சொன்னவர் யார், எங்கிருந்து சொன்னார் என்று வினவாமல் பத்திரிகைகள் அதனை அச்சேற்றின. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே அமெரிக்கா சட்டம் இயற்றி, கம்பியில்லாத் தந்தி இயக்குவோர் உரிமம் பெறவேண்டும் என விதித்தது.

அதே இரவில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் நிர்வாக ஆசிரியர் கார் வான் ஆண்டா வேறு வழியில் சென்றார். கப்பலிலிருந்து உதவி கேட்டு வந்த அழைப்புகளை அவர் வரிசைப்படுத்திப் பார்த்தார். நள்ளிரவுக்குப் பின் 12 மணி 27 நிமிடத்திற்கு வந்த கடைசி அழைப்பு தெளிவற்றிருந்தது. அதன்பின் அமைதி. அவ்வளவு வலிமை வாய்ந்த கருவி ஓய்ந்துவிட்டதென்றால் கப்பல் மூழ்கியிருக்க வேண்டும் என அவர் உய்த்துணர்ந்தார். தம் பத்திரிகையிலும் அவ்வாறே வெளியிட்டார். முன்னது ஐதிகம்; பின்னது கருதல். இரண்டும் வானொலி அலை வழியே கிடைத்த துணுக்குகளையே நம்பின. துணுக்குகளை நிறுத்துப் பார்த்த முறையில்தான் வேறுபாடு இருந்தது.

இறந்தோர் எண்ணிக்கைக்கு வருவோம். விபத்துச் செய்தியில் மக்கள் முதலில் தேடுவது எண்ணையே. ஊர்ப் பேச்சு முதலில் தவறுவதும் எண்ணிலேயே. 1879 ஆம் ஆண்டு டிசம்பர் 28 அன்று ஸ்காட்லாந்தில் டே ஆற்றுப் பாலம் புயலில் ஒடிந்து விழுந்தது. ஓடிக்கொண்டிருந்த ரயில் வண்டியும் ஆற்றில் வீழ்ந்தது. பிழைத்தவர் ஒருவருமில்லை. கேட்டறிய ஆளில்லாத அந்நிலையில், பாலத்திற்கு முந்திய நிலையத்தில் பயணிகளிடமிருந்து பெறப்பட்ட பயணச் சீட்டுகளை எண்ணிப் பார்த்தனர். அதிலிருந்து ஏறத்தாழ 75 பேர் என மதிப்பிட்டனர். நெடுங்காலம் கழித்து இறப்புப் பதிவுகளை ஆராய்ந்தோர் பெயர் தெரிந்தவர் 59 பேர் எனக் கண்டனர். சீட்டு என்பது பேச்சைவிட நல்ல சான்று. எனினும் அதுவும் முடிந்த முடிபன்று.

இதன் மறுபுறத்தை நம் கடற்கரையே காட்டுகிறது. 1964 ஆம் ஆண்டு டிசம்பர் 22 ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, பாம்பனிலிருந்து தனுஷ்கோடி சென்ற பயணிகள் வண்டியைப் புயல் அலை அடித்துச் சென்றது. வண்டியில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. பயணிகள் 110, ரயில்வே ஊழியர் 5, ஆக 115 பேர் என்று கணக்குச் சொல்லப்பட்டது. ஆனால் சீட்டு வாங்காமல் ஏறியவரையும் சேர்த்தால் இருநூறை நெருங்கும் என்ற மதிப்பீடும் உண்டு. தந்திக் கம்பிகளும் இருப்புப் பாதையும் அழிந்தமையால் செய்தியே தாமதமாக வெளியுலகை எட்டியது. இங்கே அலுவலகக் கணக்கு காணாத மனிதரை ஊர்ப் பேச்சுக் கண்டது எனலாம். சீட்டில்லாத ஏழைக்குப் பதிவேட்டில் இடமில்லை. அண்டை வீட்டார் நினைவில்தான் இடமுண்டு. ஆதலின் நல்ல நிருபர் பதிவேட்டையும் பார்ப்பார். அண்டை வீட்டாரையும் கேட்பார். இரண்டும் முரண்பட்டால் இரண்டையும், எங்கிருந்து பெற்றோம் என்ற குறிப்போடு எழுதுவார்.

இனிக் காரணம் பற்றிய பேச்சைப் பார்ப்போம். எங்கள் வட்டாரத்தில் வேடசந்தூருக்கு அருகே அழகாபுரியில் குடகனாற்றின் குறுக்கே ஓர் அணை உண்டு. வடக்கே ஓடி அமராவதியில் கலக்கும் ஆறு அது. 1977 ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அந்த மண்ணணை உடைந்தது. ஓர் அணை உடையும்போது கரையில் நிற்பவர் என்ன காண முடியும்? நீர் கரைமேல் ஏறி வழிவதைக் காணலாம். மண் கரைந்து சரிவதைக் காணலாம். மதகுக் கதவுகள் முழுதும் உயரவில்லை என்பதையும் காணலாம். ஏன் உயரவில்லை என்பதைக் கரையிலிருந்து காண இயலாது. அங்கேதான் பேச்சு பிறக்கிறது. ஊழியர் உறங்கிவிட்டனர் என்று ஒருவர் சொல்லலாம். அணையைக் கட்டியவர் மண்ணில் ஊழல் செய்தார் என்று மற்றொருவர் சொல்லலாம்.

பொறியியல் வல்லுநர் பதிவுசெய்த விவரமோ வேறு. அணையில் ஐந்து மதகுக் கதவுகள் இருந்தன. வெள்ளம் வந்தவுடன் ஊழியர் அவற்றை இயக்கத் தொடங்கினர். ஆனால் மின்சாரம் நின்றுபோனமையால் கதவுகளை ஓரளவே உயர்த்த முடிந்தது. மாற்று மின்னாக்கியை இயக்கினர், அதுவும் போதவில்லை. பின்னர்க் கைகளாலேயே கதவுகளைத் தூக்க முயன்றனர். அதற்குள் நீர் கரையின் மேல் ஏறிப் பின்சரிவில் அருவிபோல் வீழ்ந்து மண்ணை அரித்தது. 20 மீட்டர் முதல் 200 மீட்டர் நீளம் வரை பல இடங்களில் கரை பிளந்தது. அக்காலத்தில் நில அதிர்வு ஒன்று பதிவானதையும் அவர்கள் குறித்தனர். அடித்தளம் உறுதியாக இருந்தது என்பதையும் உடன் எழுதினர்.

இவ்விவரத்தை எண்ணிப் பாருங்கள். இருளிலும் மழையிலும் கைகளால் கதவைத் தூக்கியவர்களைக் கரையில் நின்றவர் காணாதிருந்தால், அவர்களே குற்றவாளிகள் எனப் பேசப்படுவதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டு! அப்பேச்சை நிருபர் அப்படியே எழுதினால் ஓர் ஊழியரின் குடும்பம் தலைமுறைக்கும் பழி சுமக்கும். காரணத்தை அறிவதற்குக் காலம் வேண்டும், கருவி வேண்டும், பதிவேடு வேண்டும். ஆனால் செய்தியோ அன்று மாலையே வேண்டும். இந்த இரு தேவைகளுக்கும் இடையிலுள்ள பள்ளத்தைத்தான் ஊர்ப் பேச்சு வந்து நிரப்புகிறது.

பழி சாட்டும் பேச்சு எவ்வளவு காலம் வாழும் என்பதற்கு அரியலூர் ஒரு சான்று. 1956 ஆம் ஆண்டு நவம்பர் 23 அன்று விடியற்காலை, சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு வண்டி, அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைந்தமையால் ஆற்றில் வீழ்ந்தது. மாண்டோர் 140க்கு மேற்பட்டவர். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அவர் இவ்விபத்துக்குக் காரணர் என்பதற்காக அன்று, அரசியல் மரபுக்கு நல்ல முன்மாதிரியாக இருக்கட்டும் என்பதற்காகவே அவ்விலகலை ஏற்பதாகப் பிரதமர் நேரு நாடாளுமன்றத்தில் விளக்கினார். பொறுப்பு வேறு, குற்றம் வேறு என்பதை அவர் இவ்வாறு பிரித்துக் காட்டினார்.

தமிழகத்துத் தேர்தல் மேடைகளிலோ, அப்போது ரயில்வே துணை அமைச்சராக இருந்த ஓ. வி. அழகேசன் பெயரை அரியலூரோடு எதுகை மோனையாக இணைத்த முழக்கம் ஒன்று எழுந்தது. அம்முழக்கம் முதியோர் பலருக்கு நெடுங்காலம் மனப்பாடமாக இருந்தது. பாலத்தின் அடித்தளம் எத்தகையது, வெள்ள நீர் எவ்வளவு ஏறியது என்பன எத்தனை பேர் நினைவில் நின்றன? எதுகை உள்ள பேச்சு நிலைக்கிறது. விசாரணை அறிக்கை அலமாரியில் உறங்குகிறது.

கும்பகோணத்துப் பள்ளித் தீயை உங்களுள் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2004 ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று சத்துணவுச் சமையற்கூடத்தில் எழுந்த தீ கூரையில் பரவி 94 குழந்தைகளைக் கொன்றது. ஆசிரியர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடிவிட்டனர் என்ற சொல் அன்றே எழுந்தது, பத்திரிகைகளிலும் ஏறியது. பிள்ளையை இழந்த பெற்றோர் அவ்வாறு கதறியதில் வியப்பில்லை. அவர்களுக்கு அவ்வுரிமை உண்டு. ஆனால் அச்சேற்றியவர்க்கு வேறு கடமை இருந்தது. பத்தாண்டு கழித்து, 2014 ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று தஞ்சாவூர் நீதிமன்றம் 21 பேருள் பத்துப் பேரைக் குற்றவாளிகள் எனவும், 11 பேரைக் குற்றமற்றவர் எனவும் தீர்ப்பளித்தது. விடுவிக்கப்பட்டோருள் ஆசிரியைகளும் இருந்தனர். முதல் நாள் செய்தியைப் படித்தவர் அனைவரும் பத்தாண்டு கழிந்த தீர்ப்பைப் படித்திருப்பார்களா?

இதுவரை சொன்னவற்றைக் கேட்டு, 'அப்படியாயின் மக்கள் பேச்சைத் தள்ளிவிட்டு அதிகாரிகள் சொல்வதை மட்டும் எழுதினால் போதுமே' என்று நீங்கள் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவதும் தவறாகும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 1989 ஆம் ஆண்டு ஏப்ரல் 15 அன்று ஷெபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் கால்பந்தாட்டம் காண வந்த லிவர்பூல் நகரத்தார் நெரிசலில் சிக்கி மாண்டனர். பின்னர் இறந்தோரையும் சேர்த்து அத்தொகை 97 ஆயிற்று. நான்கு நாள் கழித்து, சன் என்னும் நாளிதழ் 'உண்மை' என்று தலைப்பிட்டு, பார்வையாளரே செத்தவர் பையில் திருடினர், உதவ வந்த காவலரை இழிவுபடுத்தினர் என்று முதற்பக்கத்தில் எழுதியது. அவ்வாறு கூறியோர் யார்? பெயர் குறிக்கப்படாத காவல் அதிகாரிகள்.

இறந்தோர் குடும்பத்தார் அதனை மறுத்தனர். அவர்கள் குரல் நெடுங்காலம் எடுபடவில்லை. 2012 ஆம் ஆண்டு ஒரு தனிக்குழு ஆவணங்களை ஆராய்ந்து, அக்குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்றது. காவலர் வாக்குமூலங்களுள் 164 திருத்தப்பட்டிருந்தன, அவற்றுள் 116இல் காவல்துறைக்குப் பாதகமான பகுதிகள் நீக்கப்பட்டிருந்தன என்றும் வெளிப்படுத்தியது. 2016 ஆம் ஆண்டு சான்றாயத்தார், அவர்கள் சட்டத்திற்கு மாறாகக் கொல்லப்பட்டனர் என்றும், பார்வையாளர் மேல் பழியில்லை என்றும் தீர்ப்புரைத்தனர். இங்கே பொதுமக்கள் சொல்லே மெய்யாயிற்று. சீருடை அணிந்த சொல் பொய்யாயிற்று. ஆகவே, சொன்னவர் பெரியவரா சிறியவரா என்பது அளவையன்று. அவர் கண்டாரா, கேட்டாரா, கருதினாரா, அதனை எவ்வாறு சரிபார்க்கலாம் என்பதே அளவை.

துயருற்றோரின் சொல்லைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். பிள்ளையை இழந்த தாய் நெஞ்சடித்துக்கொண்டு சொல்லும் சொல் சாட்சியமன்று, அது ஒப்பாரி. ஒப்பாரியில் தெய்வத்தையும் ஏசுவர், அயலாரையும் ஏசுவர், தம்மையும் ஏசிக்கொள்வர். கிராமத்தில் அதனைக் கேட்டவர் மறுநாள் அவளிடம் போய், 'நேற்று நீ அவ்வாறு சொன்னாயே' என்று கேட்பதில்லை. அச்சொல் அந்த வீட்டு முற்றத்திற்கு உரியது. அதனை எடுத்து நாடறியப் பரப்புவோர் அவளிடமிருந்து ஒன்றைக் கேளாமல் கொண்டு போகின்றனர். 2019 ஆம் ஆண்டு அக்டோபர் 25 அன்று, எங்களூருக்குக் கிழக்கே மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுச் சிறுவன் ஆழ்துளைக் கிணற்றில் வீழ்ந்தபோது, அவனை மீட்க நடந்த முயற்சியைத் தொலைக்காட்சிகள் இரவும் பகலும் நாடு முழுவதற்கும் காட்டின. 29 ஆம் தேதி உயிரற்ற உடலே மீண்டது. அத்தனை நாளும் அந்தக் குடும்பத்தின் துயரத்திற்குக் கதவு இல்லாது போயிற்று. 1966 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் வகுத்துள்ள நெறிமுறைகள், செய்தியை வெளியிடுமுன் சரிபார்க்க வேண்டும் என்றும், தனிமனிதர் துயரத்தில் படமெடுக்க நுழைதல் கூடாது என்றும் அறிவுறுத்துகின்றன. நெறி எழுதப்பட்டுள்ளது, அதனைப் பின்பற்றுவது மனிதர் கையில்தான் இருக்கிறது.

இவை அனைத்தும் ஒருங்கே நம் வாசலுக்கு வந்த நாள் 2025 ஆம் ஆண்டு செப்டம்பர் 27. எங்களூருக்கு வடக்கே, கரூர் வேலுச்சாமிபுரத்தில் தமிழக வெற்றிக் கழகத் தலைவர் விஜய் கலந்துகொண்ட பிரசாரக் கூட்ட நெரிசலில் 41 பேர் மாண்டனர். குழந்தைகளும் அதில் இருந்தனர். எங்கள் வட்டாரத்து மக்கள் வேலைக்கும் வணிகத்திற்கும் மருத்துவத்திற்கும் நாடிச் செல்லும் நகரம் அது. அன்றிரவே கைப்பேசி வழியே ஒன்றுக்கொன்று மாறான காரணங்கள் ஆயிரக்கணக்கில் பரவின. ஒருவர் இட்ட கருத்தை மற்றொருவர் செய்தி என்றார். அச்செய்தியைக் காட்டி முதலாமவர் தம் கருத்து மெய்ப்பட்டது என்றார். வதந்தி பரப்பியதாகச் சிலர் மேல் வழக்குகளும் பதிவாயின. அரசு ஒரு நபர் ஆணையம் அமைத்தது. பின்னர் அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்து, ஓய்வு பெற்ற நீதிபதி அஜய் ரஸ்தோகி தலைமையில் கண்காணிப்புக் குழுவையும் அமைத்தது. நீதிமன்றங்களே மாதக்கணக்கில் ஆராய வேண்டிய ஒன்றை நம்மவர் ஓரிரவில் முடித்துவிட்டனர்!

முற்காலத்து ஊர்ப் பேச்சுக்கும் இக்காலத்துப் பேச்சுக்கும் ஒரு முக்கியமான வேற்றுமை உண்டு. தேநீர்க் கடையில் சொன்ன சொல் காற்றோடு போயிற்று. சொன்னவர் முகத்தை நாம் அறிந்திருந்தோம். அவர் மிகைப்படுத்துபவரா, அளந்து பேசுபவரா என்பதையும் அறிந்திருந்தோம். இன்றோ முகமற்ற ஒருவரின் சொல் எழுத்தாகி நிற்கிறது. எழுத்தாக நிற்பதனாலேயே அது ஆவணம் போலத் தோற்றமளிக்கிறது. நிருபர் அதனை எடுத்து, 'மக்கள் கூறுகின்றனர்' என்ற முத்திரையிட்டு வெளியிட்டால், பழைய ஐதிகம் காண்டலின் உடையை அணிந்து வந்துவிடுகிறது. குஜிலிப் பாட்டைப் பாடியவர் தாம் பாடுவது பாட்டு என்பதை மறைக்கவில்லை. இதுவோ செய்தி என்ற பெயரில் வருகிறது.

ஆயினும், மக்கள் பேச்சை விபத்துச் செய்தியிலிருந்து விலக்கிவிட வேண்டும் என நான் சொல்ல வரவில்லை. அது விலக்கப்பட்டால், தனுஷ்கோடி வண்டியில் சீட்டின்றிச் சென்ற ஏழையைச் சொல்வார் இல்லை. ஹில்ஸ்பரோவின் உண்மையைக் காத்து நிற்பாரும் இல்லை. கண்டவர் சொன்னதைக் கண்டவர் சொன்னதாகவும், கேட்டவர் சொன்னதைக் கேட்டதாகவும், ஒருவர் ஊகத்தை ஊகமாகவும் எழுத வேண்டும். எண்ணுக்குப் பதிவேட்டைத் தேட வேண்டும். காரணத்திற்கு விசாரணையைக் காக்க வேண்டும். பழிக்கு ஆளானவரின் மறுமொழியைக் கேட்க வேண்டும். துயருற்றோர் சொல்லுக்கு அவர்தம் இசைவைப் பெற வேண்டும். முதல் நாள் எழுதியது பிழையென்று பின்னர்த் தெரிந்தால், முதல் நாள் எழுதிய அதே அளவு எழுத்தில் அதனைத் திருத்த வேண்டும். இவை கடினமான விதிகளல்ல. அவசரத்தில் மறக்கப்படுபவை, அவ்வளவே.

மாணவ நேயர்களே, உங்களுள் சிலர் நாளை பத்திரிகையாளராவீர்கள். ஆகாதவரும், கையில் ஒரு கருவி இருப்பதால், ஒவ்வொரு நாளும் செய்தி பரப்புவோராகவே இருக்கிறீர்கள். அடுத்த முறை ஒரு விபத்துச் செய்தி உங்கள் கைக்கு வரும்போது, அதனை மற்றொருவருக்கு அனுப்புமுன் 'இதைச் சொன்னவர் கண்டாரா?' என்று ஒருமுறை கேளுங்கள். விடை கிடைக்கவில்லையெனில் அதனை உங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அச்செய்தியில் பெயர் குறிக்கப்பட்ட யாரோ ஒருவர் வீட்டில் அப்போது விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அங்கே உறங்காமல் இருப்பவருக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி அது.